கடலுக்குப் போன அம்மா: வீட்டிலிருந்து வேலை செய்யும்போது பிள்ளைகளின் குறுக்கீட்டைச் சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

செம்புக்குள் நண்டு இருந்தது. செம்பு என் மடிக்கணினியின் மேல் இருந்தது. திரையில் எங்கள் மேலாளரும், வாடிக்கையாளர் தரப்பில் மூன்று பேரும் இருந்தார்கள். "இது மூச்சே விடவில்லை, பாரம்மா" என்று என் மகன் செம்பைச் சாய்த்துக் காட்டினான். அரைச் செம்பு உப்புத் தண்ணீர் விசைப்பலகைக்குள் இறங்கியது. நண்டு நன்றாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கணினிதான் விடவில்லை.

எங்கள் வீடு பாம்பனில். காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை, 2020 ஊரடங்கில் தொடங்கியது, இன்றுவரை வீட்டிலிருந்துதான். கணவர் விசைப்படகில் போகிறார். ஓர் இரவு கடலில் தங்கி மறுநாள் காலை கரைக்கு வருகிறவர். மகள் நான்காம் வகுப்பு. மகனுக்கு நான்கு வயது. அங்கன்வாடிக்குப் போகிறான், போக மாட்டேன் என்கிற நாள்கள்தான் அதிகம். மாமியார் எங்களோடு இருக்கிறார்.

நண்டு வந்த அன்று இரவு எனக்கு ஒன்று உறைத்தது. என் கணவர் கடலில் இருக்கும்போது எந்தப் பிள்ளையும் அவரைக் கூப்பிடுவதில்லை. பசித்தாலும், விழுந்தாலும், அக்கா அடித்தாலும் "அப்பா" என்று கத்துவதில்லை. அவர் கிளம்புவதை அவர்கள் பார்க்கிறார்கள், திரும்பி வருவதைப் பார்க்கிறார்கள். நடுவில் அவர் இல்லை என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. நானோ அடுப்படியிலிருந்து அதே நைட்டியோடு வந்து, நேற்று துணி மடித்த அதே மூலையில் அமர்கிறேன். நான் எப்போது போனேன், எப்போது வந்தேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கண்ணெதிரே இருக்கிற அம்மாவை இல்லை என்று நினைத்துக்கொள் என்றால் நான்கு வயதுப் பிள்ளைக்கு அது விளங்காது. பெரியவர்களுக்கே விளங்குவதில்லை, எங்கள் வீட்டு வாசலுக்கு வரும் மீன்காரம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

கீழே இருப்பவை எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வந்தவை: கிளம்புவதும் திரும்புவதும் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

முதல் படி: மூன்று நாள் கோடு போடுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து மேசையில் ஒட்டுங்கள். யார் வந்து உங்களை எழுப்பினாலும் ஒரு கோடு. பக்கத்தில் நேரமும் காரணமும் ஒரே சொல்லில். பசி, சண்டை, காட்ட, போரடிக்கிறது, கழிவறை, கேள்வி, வாசல்.

மூன்றாம் நாள் மாலை நான் அந்தத் தாளைப் பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. காலை பத்தரை, மாலை மூன்றரை ஆகிய இரண்டு வேளையைச் சுற்றித்தான் மகனுடைய கோடுகள் குவிந்திருந்தன. காரணம் எதுவாக எழுதியிருந்தாலும் அடியில் இருந்தது பசி. "அம்மா, இந்தச் சட்டை கடிக்கிறது" என்பதுகூடப் பசிதான். இரண்டாவது, கோடுகளில் கணிசமானவை பிள்ளைகளுடையவை அல்ல. எரிவாயு சிலிண்டர், குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று எதிர்வீட்டு அக்கா, மூக்குக் கண்ணாடியைத் தேடும் மாமியார், எழுந்ததும் "காப்பி இருக்கிறதா" என்று கேட்கும் கணவர். பெரியவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வரும் வீட்டில் பிள்ளை மட்டும் வராமல் இருக்குமா?

இரண்டாம் படி: இடம்

"தனி அறை வைத்துக்கொள்ளுங்கள், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்" என்று அறிவுரை சொல்கிறவர்கள் யாரும் சித்திரை மாதத்தில் பாம்பனுக்கு வந்தவர்கள் அல்லர். இங்கே கதவைச் சாத்தினால் காற்று நின்றுவிடும். கச்சான் காற்று அடிக்கும் நாளில் சாத்தாத கதவு படார் படாரென்று அடித்துக்கொள்ளும். நிறைய வீடுகளில் தனி அறை என்பதே கிடையாது. ஒரு கூடம், ஓர் அடுப்படி, ஒரு திண்ணை, அவ்வளவுதான்.

கதவுக்குப் பதில் ஓர் எல்லை போதும். நாங்கள் கூடத்தின் ஒரு மூலையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, கீழே ஒரு முழம் இடைவெளி விட்டிருக்கிறோம். காற்று வரும், என் கால் தெரியும், முகம் தெரியாது. இது எங்கள் வீட்டு அனுபவம்: மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு அம்மாவின் முகமே தெரியாமல் இருப்பது நல்லது, தெரிந்தால் தூக்கச் சொல்லும். ஐந்து வயதுக்கு மேல் நேர்மாறு. நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் அது தன் பாட்டுக்கு விளையாடும், தெரியாவிட்டால் சரிபார்க்க வந்துகொண்டே இருக்கும். நடுவில் இருக்கும் வயதுக்குத்தான் இந்தக் கால் தெரியும் திரை.

முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும். அரைகுறை உடையில் ஓடிவரும் பிள்ளை கேமராவில் விழாமல் இருக்கும். கணினியை ஜன்னலோரம் வைக்காதீர்கள். உப்புக் காற்று சார்ஜர் துளைகளை அரித்துவிடும். இது குறுக்கீட்டைப் பற்றியது அல்ல, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை.

மூன்றாம் படி: கிளம்புங்கள், உண்மையாகவே கிளம்புங்கள்

காலை 8.40க்கு அலைபேசியை அலமாரியில் வைத்துவிட்டு மகனோடு பத்து நிமிடம் தரையில் உட்காருகிறேன். அவன் சொல்வதுதான் விளையாட்டு. பிறகு நைட்டியை மாற்றிச் சுடிதார் போட்டு, தலை வாரி, ஒரு மஞ்சள் பையில் தண்ணீர்ப் போத்தலும் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்கிறேன். "அம்மா வேலைக்குப் போகிறேன். ரயில் போனதும் வருவேன்" என்று சொல்லி, வாசல் வழியாக வெளியே போய், முருங்கை மரத்தைச் சுற்றிப் பின்வாசல் வழியாக வந்து திரைக்குப் பின்னால் அமர்கிறேன். முதல் வாரம் எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "தினமும் வீட்டைச் சுற்றி வருகிறாயே, ஏதும் நேர்த்திக்கடனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் நான் செய்து பார்த்த எதுவும் இந்த அரை நிமிட நடை அளவுக்குப் பலன் தரவில்லை. மூன்று விதிகளை மட்டும் மீறாதீர்கள்.

பிள்ளை அசந்த நேரத்தில் நழுவாதீர்கள். ஒருமுறை நழுவினால் அன்று முழுவதும் அது உங்களைக் காவல் காக்கும்.

நடுவில் கரை ஏறாதீர்கள். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனீர்கள், பிள்ளை பார்த்துவிட்டது என்றால் படகு கரைக்கு வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அதனால்தான் பையில் தண்ணீர்ப் போத்தல். கழிவறைக்குப் போவதையும் திரும்பும் நேரத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் முகத்தைத் திருப்பாமல் போய் வாருங்கள்.

திரும்பும்போது வெறும் கையோடு வராதீர்கள். கடலுக்குப் போனவர் மீன்பாடு குறைவாக இருந்தாலும் வீட்டுக்குக் கறி மீனாவது கொண்டுவருவார். நான் கொண்டுவருவது பதினைந்து நிமிடம், அலைபேசி இல்லாமல். அதில் ஐந்து நிமிடத்தைத் திருடினால்கூட அவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

"எப்போது வருவாய்" என்பதற்குப் பதில் சொல்வது தனிக் கலை. "பதினொன்றரைக்கு" என்பது நான்கு வயதுக்கு வெறும் ஓசை. அதற்குக் காதால் கேட்கிற, கண்ணால் பார்க்கிற கடிகாரம் வேண்டும். எங்களுக்கு ரயில். பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்த பிறகுதான் என் மகன் தன் வீட்டருகே ரயில் போவதையே பார்த்தான். அந்தப் புதுமையில் அது உடனே எங்கள் கடிகாரமாகிவிட்டது. ரயில் தாமதமாகிற நாளில் நானும் தாமதம்; அதற்கு அவன் ரயிலைத் திட்டுகிறான், என்னை இல்லை. கீழக்கரையில் இருக்கும் என் தோழி, "லுஹர் (நண்பகல் தொழுகை) பாங்கு சொன்னதும் உம்மா வருவேன்" என்று வைத்திருக்கிறாள். கோவில் மணி, பள்ளிக்கூட மணி, முற்றத்தில் முருங்கை நிழல் தொடும் கல், எதுவும் ஆகும். குக்கர் விசில் மட்டும் வேண்டாம், வைப்பவர் மறந்துவிடுவார்.

ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் போகலாம்? நான்கு வயதுக்கு முதலில் அரைமணி. இரண்டு வாரத்தில் ஒன்றரை மணி வரை நீட்டினோம். அதற்கு மேல் நாங்கள் முயலவில்லை.

நான்காம் படி: கூண்டு ஏற்றுங்கள்

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எச்சரிக்கைக் குறியீடு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புயல் சின்னம் உருவானால் பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். என்ன எண் என்பது அன்று தெருவெல்லாம் பேச்சு. மொத்தம் 11 எண்கள். 1 என்றால் தூரக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, துறைமுகத்துக்கு இப்போது பயமில்லை. 3 என்றால் துறைமுகத்தில் திடீர்க் காற்று அடிக்கலாம். 8, 9, 10 பேரபாயம். 11 என்றால் வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

இதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தோம். மாமியார் முடைந்த பனையோலைக் கொட்டான் ஒன்றைத் திரைக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டு, அதில் நிறத் துணி கட்டுகிறேன். மகளுக்கு எண், மகனுக்கு நிறம்.

வெள்ளைத் துணி, 1: தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். வரலாம், மெதுவாகப் பேச வேண்டும்.

மஞ்சள், 3: கூட்டத்தில் இருக்கிறேன், பேசுவது நானில்லை. உள்ளே வரக் கூடாது. தாளில் எழுதியோ வரைந்தோ திரைக்கு அடியில் தள்ளலாம். இந்த ஒரு முழ இடைவெளியின் இன்னொரு பயன் இதுதான்.

சிவப்பு, 10: பேசிக்கொண்டிருக்கிறேன். அபாயம் என்றால் மட்டும்.

கறுப்பு, 11: இணையம் போய்விட்டது. எல்லோரும் வரலாம், அம்மா சும்மா இருக்கிறேன்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கறுப்புத் துணிக்கு எங்கள் வீட்டில் இருக்கும் வரவேற்பு தீபாவளிக்குக்கூடக் கிடையாது.

இரண்டு எச்சரிக்கை. சிவப்பை நாள் முழுக்கத் தொங்கவிடாதீர்கள். கூண்டு ஏற்றி மூன்று நாளாகியும் காற்றே அடிக்கவில்லை என்றால் பெரியவர்களே கடலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள், பிள்ளை மட்டும் எப்படி நம்பும்? ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் சிவப்பு ஏற்றுவதில்லை. அடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பாருங்கள். நான் சும்மா உட்கார்ந்து ஒவ்வொரு நிறமாக மாற்ற, மகன் அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும். பிறகு அவன் அம்மா, நான் பிள்ளை. சிவப்பு ஏற்றிவிட்டு அவன் என்னை "அப்புறம் வா" என்று அதட்டியபோது என் குரல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

மஞ்சள் துணியின் பயன் எனக்குப் புரிந்த நாள் ஒன்றுண்டு. திரைக்கு அடியில் ஒரு தாள் வந்தது. அதில் எட்டுக் கால் உள்ள ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு வாளி, வாளிக்குள் அலை அலையாகக் கோடு. நண்டுக்குக் கடல் தண்ணீர் வேண்டும், குழாய்த் தண்ணீர் ஆகாது. தாளின் பின்பக்கம் ஒரு ரயிலை வரைந்து திருப்பித் தள்ளினேன். ரயில் போனதும் வாளியோடு கடற்கரைக்குப் போனோம்.

ஐந்தாம் படி: எது அபாயம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்

"அவசரம் என்றால் மட்டும் வா" என்று சொன்னால் பிள்ளைக்கு எல்லாமே அவசரம்தான். எங்கள் சுவரில் ஐந்து படம் ஒட்டியிருக்கிறது. இரத்தம். தீ அல்லது புகை. யாராவது எதையாவது விழுங்கிவிட்டது. தம்பியைக் காணவில்லை. தண்ணீர். இந்த ஐந்துக்கும் எந்தக் கூண்டும் கிடையாது, யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் திரையைக் கிழித்துக்கொண்டு வரலாம். தவறாகப் புரிந்துகொண்டு வந்தாலும் திட்டக் கூடாது. இன்று திட்டினால் நாளைக்கு உண்மையாகவே ஒன்று நடக்கும்போது வாசலில் நின்று யோசிக்கும். ஆம்புலன்சுக்கு 108 என்பதை மகள் மனப்பாடமாக வைத்திருக்கிறாள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கடற்கரையில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாததால் டிரம், அண்டா, வாளி, குடம் என எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிடுகிறோம். கடலைக் கண்டு பயப்படும் அளவுக்கு நாம் வாளியைக் கண்டு பயப்படுவதில்லை. தவழுகிற, நடை பழகுகிற பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். எட்டிப் பார்த்து உள்ளே கவிழ்ந்தால் திரும்ப எழ முடியாது. சில அங்குலத் தண்ணீரே போதும். கத்தாது, கையடிக்கும் சத்தம்கூட வராது. ஆகவே ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ள வீட்டில் வேலையைத் தொடங்குமுன் ஒரு சுற்று: டிரம்முக்கு மூடி, அதன்மேல் கல், வாளிகள் கவிழ்த்து, கழிவறைக் கதவு வெளியே தாழ், தெருவாசல் கொக்கி மேலே. வீடு அமைதியாக இருக்கிறதே என்று மகிழ்ந்து வேலையைத் தொடராதீர்கள். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை கவலையில்லை, சத்தம் நின்றால் உடனே எழுந்து பாருங்கள்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த வழிகாட்டியில் உள்ள எதுவும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னோர் ஆள் இருப்பதற்கு ஈடாகாது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைத் தனியாக வைத்துக்கொண்டு முழுநேர வேலை செய்யலாம் என்று யாராவது சொன்னால் அவர்கள் வீட்டில் யாரோ இருக்கிறார்கள், சொல்லாமல் விடுகிறார்கள்.

ஆறாம் படி: கைக்கு வேலை, வாய்க்குத் தீனி

முதல் படியில் போட்ட கோடுகள் இங்கே உதவும். பசி வரும் நேரத்துக்கு அரைமணி முன்பே தீனி எடுத்து வைத்துவிடுங்கள், பிள்ளையே திறக்கக்கூடிய டப்பாவில். எங்கள் வீட்டில் பத்து மணி டப்பா, மூன்று மணி டப்பா என்று இரண்டு. அவித்த கடலை, வாழைப்பழம், கருப்பட்டி போட்ட பொரிமாவு உருண்டை. பாதிக் கோடுகள் இதிலேயே காணாமல் போய்விட்டன.

கைவேலைக்குக் கடையில் விற்கும் விளையாட்டுச் சாமான்களில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பத்து நிமிடத்தில் பாட்டரி தீர்ந்துவிடும், அல்லது பிள்ளையின் ஆர்வம் தீர்ந்துவிடும். நீண்ட நேரம் பிடித்தவை வேறு. தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கு: தோல் உரித்து, நாரை ஒவ்வொன்றாக இழுத்து, பீலியைத் தனியே எடுத்துத் தின்று முடிக்க ஒரு பிள்ளைக்கு அரைமணி ஆகும். கோடையில் நுங்குக் கூந்தலில் வண்டி. பழைய வலைத் துண்டும் ஊசியும் நரம்பும் (நைலான் நூல்); மகள் இப்போது நன்றாகவே கண்ணி போடுகிறாள். பல்லாங்குழி, புளியங்கொட்டை. மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் சோழி, புளியங்கொட்டை இரண்டும் வேண்டாம், நேராக வாய்க்கோ மூக்குக்கோ போகும். என் மகன் மூக்கில் வேர்க்கடலையைப் போட்டுக்கொண்டது ஒரு மாதாந்திர அறிக்கை நாளில்.

ஒரு பெட்டியைத் தனியே ஒளித்து வைத்து, சிவப்பு ஏறும்போது மட்டும் எடுங்கள்.

அலைபேசி? உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட நெறிமுறைப்படி இரண்டு முதல் நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது. ஒரு வயதுக்குத் திரையே கூடாது. நான் அதைத் தீட்டு மாதிரி பார்ப்பதில்லை. ஆனால் அது ஒரே ஒரு தோட்டா. காலை ஒன்பதரைக்கே சுட்டுவிட்டால், மாலை நான்கு மணி வாடிக்கையாளர் கூட்டத்துக்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது. அன்றைய மிக முக்கியமான அழைப்புக்கு மட்டும் கொடுங்கள்.

ஏழாம் படி: பத்தாவது "அம்மா"வுக்குப் பதில் சொல்லாதீர்கள்

எல்லோரும் செய்யும் தவறு இது. ஒன்பது முறை "அம்மா" என்பதைக் கேட்காததுபோல் இருந்துவிட்டு, பத்தாவது முறை "என்னடா!" என்று திரும்புகிறோம். பிள்ளை கற்றுக்கொள்வது, பத்து முறை கூப்பிட வேண்டும் என்பதை. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்து இதைக் காட்டியிருக்கிறார். கொத்தும்போதெல்லாம் இரை கிடைத்துப் பழகிய புறா, இரை நின்றதும் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எப்போதாவது ஒருமுறை கிடைத்துப் பழகிய புறாவோ விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும்.

ஆகவே முதல் "அம்மா"வுக்கே பதில் சொல்லுங்கள், ஆனால் வாயால் வேண்டாம். பிள்ளை வந்து உங்கள் முழங்கையில் கை வைக்கட்டும். நீங்கள் அந்தக் கையின்மேல் உங்கள் கையை வையுங்கள். நீ வந்தது எனக்குத் தெரியும், காத்திரு என்று பொருள். முடிந்ததும் முகம் பார்த்துக் கேளுங்கள். என் மகன் முதல்முறை காத்திருந்தது நான்கு மூச்சு நேரம். இப்போது இரண்டு நிமிடம் நிற்கிறான், என் வளையலை உருட்டிக்கொண்டு.

தொடங்கிய முதல் நான்கைந்து நாள் குறுக்கீடு குறையாது, கூடும். பழைய வழி ஏன் வேலை செய்யவில்லை என்று பிள்ளை உரக்கச் சோதித்துப் பார்க்கும். வலை மேலே வரும்போதுதான் மீன் அதிகம் துள்ளும். நிறையப் பேர் மூன்றாம் நாளில் விட்டுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

உங்களுக்கும் ஒரு பயிற்சி உண்டு. ஒரு வேலையைப் பாதியில் விட்டு எழுந்தால் மனத்தின் ஒரு பகுதி அந்த வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். எழுந்திருக்கும் முன் எங்கே விட்டோம், அடுத்து என்ன என்று ஒரு வரி எழுதி வைத்தால் அந்த ஒட்டு குறைகிறது என்பதும் பின்னால் அவர் கண்டதே. என் மஞ்சள் பையில் இருக்கும் நோட்டு அதற்குத்தான். "கோரிக்கை எண் பார்த்தாகிவிட்டது, மருத்துவமனை ரசீது பாக்கி" என்று கிறுக்கிவிட்டு எழுகிறேன். திரும்பி வந்து விழிக்க வேண்டியதில்லை.

எட்டாம் படி: கரை ஆள் யார்?

அம்மா கடலில் இருக்கும்போது கரையில் ஒருவர் பொறுப்பு. யார் என்பதைத் தினமும் காலையில் பெயர் சொல்லி அறிவிக்கிறோம். "இன்று ரயில் போகும்வரை அப்பத்தா, பிறகு அக்கா." எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் யாரும் பார்த்துக்கொள்ளவில்லை என்று பொருள்.

கரை ஆளுக்கு ஒரே ஒரு தடை: "அம்மாவிடம் கேள்" என்று சொல்லக் கூடாது. இது மாமியாருக்கு எளிதாக வந்தது. கணவருக்கு வரவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில், கணவர் வீட்டில், நடுவில் பள்ளி விடுமுறை வேறு. முதல் ஆண்டு அவர் வீட்டில் இருந்தது எனக்கு உதவி என்று நினைத்தேன். "பிஸ்கட் எங்கே என்று அம்மாவிடம் கேள்." "இவன் சட்டை எது என்று அம்மாவிடம் கேள்." பிள்ளைகளைவிட அவர் அனுப்பிய கோடுகள் அதிகம். சண்டை போட்டுத் தீரவில்லை. அவருக்குப் புரியும் மொழியில் சொன்னபோது தீர்ந்தது: "நீங்கள் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது பிஸ்கட் எங்கே என்று நான் போன் செய்தால்?" இப்போது தடைக்காலக் காலைகளில் அவர் மகனைப் படகு பழுதுபார்க்கும் இடத்துக்குக் கூட்டிப் போய்விடுகிறார். இருவரும் பெயிண்ட்டோடு திரும்பி வருகிறார்கள்.

கடலிலிருந்து வந்து அவர் பகலில் உறங்கும் நாள் வேறு கதை. அன்று கரை ஆளாக அவர் பெயரைச் சொல்லவே கூடாது. வாசலுக்கு வருபவர்களுக்கு மாமியார் பதில் சொல்கிறார்.

ஒன்பதாம் படி: அலுவலகத்திடம் மறைக்காதீர்கள்

2017 மார்ச் 10 அன்று, தென்கொரியாவிலிருந்து பிபிசிக்குப் பேட்டி அளித்துக்கொண்டிருந்த பேராசிரியர் ராபர்ட் கெல்லியின் அறைக்குள் மகள் ஆடிக்கொண்டே நுழைந்தாள், பின்னால் நடைவண்டியில் குழந்தை, அதன் பின்னால் பாய்ந்து வந்த மனைவி. உலகமே பார்த்துச் சிரித்தது. பார்க்க வேண்டியது அவருடைய கையை: திரையை விட்டுக் கண் எடுக்காமல் மகளை ஒதுக்கப் பார்க்கிறார். நாமும் அதைத்தான் செய்கிறோம், பிள்ளையே இல்லாததுபோல. 2020 ஜூலையில் இன்னொரு பிபிசி பேட்டியில் கிளேர் வென்ஹாம் என்ற ஆய்வாளரின் மகள், தான் வரைந்த படத்தை எந்த அலமாரியில் வைப்பது என்று நடுவில் கேட்டபோது, செய்தி வாசிப்பவரே அவளோடு பேசி இடம் சொன்னார். அரை நிமிடத்தில் முடிந்தது.

நான் வேலையில் சொல்லும் வாக்கியம் இது: "என் மகன் வந்திருக்கிறான், முப்பது விநாடி." ஒலியை அணைக்கிறேன், பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறேன், திரும்புகிறேன். மன்னிப்பு நீண்டால்தான் எல்லோருக்கும் சங்கடம். மேலாளரிடம் முன்கூட்டியே என் ரயில் நேரங்களைச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பதினைந்து நிமிடங்களில் கூட்டம் வைப்பதில்லை. கவனம் அதிகம் வேண்டிய வேலையை அதிகாலை ஐந்து முதல் ஆறரை வரை முடித்துவிடுவேன்.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்புபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தொடரும் விதிப்படி, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்வதை நிறுவனத்தோடு பேசி முடிவு செய்துகொள்ளலாம். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான். பேச்சைத் தொடங்கும்போது இதைச் சொல்லித் தொடங்குங்கள்.

பத்தாம் படி: புயல் நாள்

ஐப்பசி, கார்த்திகையில் திடீரென்று பள்ளி விடுமுறை அறிவிப்பார்கள். பிள்ளைகள் வீட்டில், கணவர் வீட்டில், மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாது. அன்றைக்கு மேலே சொன்ன எதுவும் முழுதாக நடக்காது. நடக்கும் என்று எதிர்பார்த்துப் பிள்ளைகள்மேல் எரிந்து விழாதீர்கள். முந்தைய இரவே கணினியையும் அலைபேசியையும் சார்ஜ் ஏற்றுங்கள். மறுநாள் கட்டாயம் முடிய வேண்டிய ஒரே ஒரு வேலையைத் தேர்ந்து, அதை விடிவதற்குள் செய்து அனுப்பிவிடுங்கள். காலையிலேயே மேலாளருக்கு ஒரு செய்தி: துறைமுகத்தில் என்ன எண் ஏற்றியிருக்கிறது என்று. எங்கள் மேலாளர் கோயம்புத்தூர்க்காரர், முதல்முறை "அப்படியென்றால் என்ன?" என்று கேட்டார். இப்போது அவரே கேட்கிறார், "இன்று எத்தனை?"

போன மழையில் ஒரு நாள் பதினோரு மணிக்கு இணையம் போனது. நான் எழுந்து கறுப்புத் துணியைத் தேடினேன், காணவில்லை. திரையை விலக்கிப் பார்த்தால், என் மகன் முக்காலியில் ஏறி நின்று கொட்டானில் அதைக் கட்டிக்கொண்டிருந்தான். மின்விசிறி நின்றதுமே கட்டத் தொடங்கிவிட்டானாம். முடிச்சு விழவில்லை. நான் வந்து பிடித்துக்கொண்டேன்.